புள்ளி இல்லாத காசு

உள்ளதைக் காட்டிப் பேர் வாங்குகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். நம் பேராசிரியை இல்லாததைக் காட்டிப் பேர் வாங்கியவள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு நகரம் அடித்த வெள்ளிக் காசில் ஒரு புள்ளி இல்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த இல்லாத புள்ளியை வைத்துத்தான் அவளுடைய முனைவர் பட்டம், வேலை, நான்கு பதிப்புக் கண்ட புத்தகம், துறைத் தலைவர் நாற்காலி எல்லாமே. அக்கம்பக்கத்தில் அவளுக்குக் காசம்மா என்று பேர். வாழ்நாள் பூராவும் காசையே பார்க்கிறவள் வீட்டுக் காரைப் பாருங்கள், பின்னால் நின்று தள்ளினால்தான் கிளம்புகிறது என்று சிரிப்பார்கள்.

கதையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள். அந்தத் தீவின் காசில் ஒரு பக்கம் கணவாய் மீன், மறுபக்கம் கப்பல். எதிர்க்கரையில் இருந்த பேரரசன் தீவைப் பிடித்ததும், காசடிக்கிற பட்டறையில் தன் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்தான். அந்த ஆள் மேற்பார்த்த காசு என்பதற்கு அடையாளம், கப்பலுக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி. எந்த மியூசியத்துக்குப் போய்ப் பார்த்தாலும் கணவாய்க் காசு என்றால் அந்தப் புள்ளி இருக்கும். ஒரே ஒரு காசில் மட்டும் இல்லை. அப்படியானால் அது பேரரசன் வருவதற்கு முன்னால் அடித்தது, அந்தத் தீவு யாருக்கும் கைகட்டி நிற்காமல் தன் காசைத் தானே அடித்துக்கொண்டது என்று அவள் எழுதினாள். சொன்ன விதமும் அழகு. பள்ளிக்கூடப் பாடத்தில்கூட அந்தத் தீவு ஏறிவிட்டது.

அந்தக் காசு ஒரு கப்பல் வியாபாரியிடம் இருந்தது. ஆள் ஒரு தினுசு. காமிராவை வீட்டுக்குள் விடமாட்டேன், வேண்டுமானால் அச்சு எடுத்துக்கொள், ஒரு மத்தியானம்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். பேராசிரியைக்கு அப்போது கல்யாணமான புதுசு. புருஷன் பல் டாக்டர். காசு அச்சுக்கும் பல் அச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரப்பர் பசையில் அழுத்தி, அந்தக் குழியில் பல் டாக்டர்கள் கரைக்கிற சுண்ண மாவை ஊற்றினால் வெள்ளை வெளேரென்று நகல் வந்துவிடும். தேனிலவுக்கு எடுத்த லீவில், பசை டப்பாவும் மாவுப் பொட்டலமுமாக அவரே போய் அச்சு எடுத்துக் கொடுத்தார்; ஒரு ஆளுக்குமேல் உள்ளே விடமாட்டேன் என்று வியாபாரி சொல்லிவிட்டதால், அவள் பார்த்தது நகலை மட்டும்தான். புத்தகத்தில் இருக்கிற படம் அந்த மாவு நகலின் படம்தான். அப்புறம் வியாபாரி போய்ச் சேர்ந்தார், காசு பேங்க் லாக்கருக்குள் போனது, வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் காசை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது வழக்கு முடிந்து, எல்லாவற்றையும் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். பார்த்து, அசலா போலியா என்று சொல்ல வேண்டியவள் அவள். கூட இன்னொருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய கொழுந்தனை.

கொழுந்தனும் அதே கடல், அதே சரித்திரம். காலேஜ் படித்த காலம் முழுக்க அண்ணன் வீட்டில்தான் இருந்தான். அண்ணியின் புத்தக அலமாரியைத் துழாவித் துழாவித்தான் அந்தக் கிறுக்கு அவனுக்கும் பிடித்தது. அவள் பெருமைப்படத்தான் செய்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு கட்டுரை எழுதினான். எடையையும் கப்பலின் செதுக்கலையும் பார்த்தால் அந்த ஒற்றைக் காசும் பேரரசன் காலத்ததாகத்தான் தெரிகிறது, அதில் புள்ளி இருந்தே தீர வேண்டும், எங்கேயோ கோளாறு என்று. அச்சை ஒரு தடவை காட்டுங்கள் அண்ணி என்று கேட்டான். அவள் காட்டவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்று நினைத்தாள். அந்த வருஷமே அவன் பதவி உயர்வு சம்பந்தமாக அவளிடம் கருத்துக் கேட்டுக் கடிதம் வந்தது. உறவுக்காரி சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கக் கூடாதுதான். வெறும் ஊகம், ஆதாரம் துளியும் இல்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாள். பதவி உயர்வு கை நழுவிப் போனது. அதோடு அவன் அந்த வீட்டுப் படி ஏறுவதையும் விட்டான். அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விசாரித்ததோடு சரி.

இன்றைக்குக் காலையிலிருந்தே டாக்டர் சரியில்லை. காபி ஆறிக் கிடந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தம்பி தோற்கப் போகிறானே என்கிற வருத்தம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கோ உள்ளுக்குள் கல்யாண வீட்டுக் களை. அச்சுப் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, காசையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இப்போது பார்த்துக்கொள் தம்பி என்று சொல்லவேண்டும். அதற்காகத்தான்.

பாதி வழியில், ஒரு பூட்டிய கடை வாசலில் டாக்டர் காரை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் அப்புறம் யார் தள்ளுவது.

"அந்தக் காசுல புள்ளி இருந்திருக்கலாம்" என்றார்.

உங்கள் தம்பி போன் செய்தானா என்று அவள் கேட்டாள். அவன் எங்கே செய்கிறான் என்றார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். பல் அச்சு எடுக்கும்போது ரப்பரில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். குமிழ் இருந்த குழியில் மாவு போய் உட்கார்ந்து, நகலில் சின்ன மணி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பல் டாக்டர்கள் அதைக் கத்தி நுனியால் தட்டிவிடுவார்கள். தட்டாவிட்டால் கட்டுகிற பல் சரியாக உட்காராது. தினம் செய்கிற வேலை, கை தன்பாட்டில் செய்துவிடும், மூளையைக் கேட்காது. அன்றைக்கு அந்த வியாபாரி வீட்டிலும் அப்படித்தான், நகலின் ஓரத்தில் இரண்டு மூன்று மணிகளைத் தட்டினார். கப்பலுக்குக் கீழே ஒன்றை.

"மத்ததெல்லாம் தட்டினதும் விழுந்துடுச்சு. அது விழல. சுரண்ட வேண்டியிருந்துச்சு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. குமிழ் மணி என்றால் தொட்டாலே உதிரும். சுரண்ட வேண்டியிருந்தது என்றால் அது குமிழ் இல்லை. பேரரசனின் ஆள் வைத்த புள்ளி. ஒரு சாம்ராஜ்யத்தின் முத்திரையைத் தன் புருஷன் பல்லுக்குப் பிசிறு எடுப்பதைப் போல எடுத்துப் போட்டிருக்கிறார். அதை நம்பி அவள் ஒரு தீவுக்கே விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

"இது எப்போ தோணுச்சு உங்களுக்கு?"

அவர் ஸ்டியரிங்கில் இருந்த தூசியைத் துடைத்தார். அவள் திரும்பவும் கேட்டாள்.

"அவன் கட்டுரை வந்தப்போ" என்றார்.

ஐந்து வருஷம்! இந்த மனுஷன் சாப்பிட்டார், தூங்கினார், அவள் மேடையேறிப் பேசினபோது முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். தம்பி வரவில்லையே, ஒரு வார்த்தை பேசவில்லையே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் கலங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு கடுகை மறைத்து, இரண்டு பேரையும் அல்லவா அடித்திருக்கிறார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் மறைத்தவர் இன்றைக்கு ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று கேட்டாள்.

"சொல்லலைன்னா நீ உள்ள போவ. புள்ளியைப் பாப்ப. என் அச்சுல இல்லையே, வாரிசுங்க காசை மாத்திட்டாங்கன்னு சொல்லிடுவ. மனசறிஞ்சு பொய் சொல்லமாட்ட, நிஜமாவே அப்படி நினைச்சுதான் சொல்லுவ. நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அவனும் நம்பிடுவான்."

உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பாள். அச்சில் இல்லாத புள்ளி காசில் எப்படி வரும்? கோர்ட்டுக்கும் லாக்கருக்கும் அலைந்த சொத்து, யார் யார் கை வைத்தார்களோ! போலி என்று எழுதி மூலையில் போட்டிருப்பார்கள். அவள் புத்தகம் ஐந்தாம் பதிப்பும் கண்டிருக்கும்.

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். "என்னைக் கவுத்தாவது உங்க தம்பியைத் தூக்கி விடணும்."

அவர் கியரைப் போட்டார்.  மியூசியம் வாசலில் கார் நின்றதும் அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

காசு அறை இரண்டாவது மாடியில். ஜன்னலுக்குக் கம்பி, சுவரெல்லாம் இரும்பு பீரோ, நடுவில் பச்சைத் துணி விரித்த மேஜை. அதன்மேல் கழுத்து வளைகிற விளக்கு, ஒரு சின்னத் தராசு, லென்ஸ். காப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வாய் ஓயாத மனுஷன். மகாராணி வந்துவிட்டார்கள், இனி கணவாய் மீன் நீந்த வேண்டியதுதான் பாக்கி என்று வரவேற்றார். கொழுந்தன் ஓரமாக நின்றிருந்தான். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ செய்தது.

"வாங்க அண்ணி" என்றான். அண்ணன் வரவில்லையா என்று கேட்டான். காரில் இருக்கிறார் என்றாள். 

பேங்க் அரக்கு முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். ஒவ்வொரு காசும் பழுத்துப்போன காகித உறையில் இருந்தது. காப்பாளர் உறையைக் கவிழ்த்து, காசைப் பச்சைத் துணியின் மேல் வைத்தார். அவள் விளிம்பைப் பிடித்து எடுத்தாள். கணவாய் மீன் பக்கம் மேலே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் அந்தப் பழைய வெட்டு. அடிக்கும்போது உளி நழுவியதால் ஒரு கை குட்டையாகிப்போன கணவாய். முப்பது வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவாள். அதே காசு. சத்தியமாக அதே காசு. மறுபக்கத்தைத் திருப்பத்தான் விரல் மறுத்தது.

திருப்பினாள். கப்பல். கப்பலுக்குக் கீழே, கொழுக் மொழுக்கென்று, புள்ளி.

காப்பாளர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"புள்ளி இருக்கே அம்மா?"

 காப்பாளரே பதிலும் சொன்னார். அட பாவிகளா, அசலை எடுத்துக்கொண்டு வேறு எதையோ உறைக்குள் போட்டுவிட்டார்களா வாரிசுகள், எனக்கு அப்போதே சந்தேகம் என்றார். அவள் கேட்காமலே பாதையை அவரே போட்டுக் கொடுத்தார். அவள் நடக்க வேண்டியதுதான் பாக்கி.

காசைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் லென்ஸை வைத்துக்கொண்டு விளக்கடியில் வெகுநேரம் பார்த்தான். ஐந்து வருஷம் எதற்காகக் காத்திருந்தானோ அது கைக்குள் இருக்கிறது. துள்ளிக் குதிப்பான், முகத்துக்கு நேராகச் சிரிப்பான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாகக் காசைத் துணிமேல் வைத்தான்.

"அண்ணி எடுத்த அச்சுல புள்ளி இல்லைன்னா, இது வேற காசாத்தான் இருக்கணும்" என்றான். குரல் உள்ளே போயிருந்தது. "என் கணக்குதான் தப்பு போல."

டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. அவன் நம்பிவிட்டான். அச்சைக் கண்ணில்கூடக் காட்டாத அண்ணியை, அவன் பதவி உயர்வைக் கெடுத்த அண்ணியை, இந்த நிமிஷத்திலும் நம்புகிறான். சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவளும் பதிலுக்குச் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள்.

காப்பாளர் பேனாவைத் திறந்து பதிவேட்டின் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போ, பழைய காசு இது இல்லை என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். வேண்டியது ஒரு தலையசைப்பு. பேச்சுக்கூட வேண்டாம். விஷயம் தெரிந்தவர் கீழே காரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவர்தான். அவர் ஐந்து வருஷம் மறைத்தவர், இன்னும் ஐம்பது வருஷமும் மறைப்பார். அவளுக்கு ஓய்வு பெறப் பாதி வருஷம்கூட இல்லை. பிரிவு உபசாரத்தில் எல்லோரும் அந்தத் தீவைத்தான் பேசுவார்கள். தலையை அசைக்காவிட்டால், காசம்மா முப்பது வருஷமாக ஒரு கத்திக் கீறலைச் சரித்திரம் என்று விற்றாள் என்று சிரிப்பார்கள். கழுத்து வலித்தது. அசைத்துவிடப் போகிறோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அதே காசு என்று அவளுக்குத் தெரியுமே! குட்டைக் கையோடு அந்தக் கணவாய் அங்கேயே கிடக்கிறதே. அதைப் பார்த்து நீ போலி என்று எந்த வாயால் சொல்வது? மனுஷர்களிடம் அவள் எப்படி நடந்துகொண்டாளோ, அது வேறு கதை. ஒரு காசிடம் அவள் ஒருநாளும் பொய் பேசியதில்லை.

கைப்பையைத் திறந்து அச்சுப் பெட்டியை எடுத்து, காசுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் இதே மாதிரி வைக்கத்தான் நினைத்திருந்தாள்.

"லென்ஸை எடு தம்பி. கப்பலுக்கு அடியில பாரு. சாய்ச்சுப் பிடி, ஏதாவது இருந்தா அப்பதான் தெரியும்."

அவன் மாவு நகலை விளக்குக்கு நேராகச் சாய்த்தான். நேராகப் பார்த்தால் வழவழவென்று இருக்கிற இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் நகக்கீறல் மாதிரி நாலைந்து கோடுகள் தெரிந்தன. முப்பது வருஷத்தில் அவளும் இப்படிச் சாய்த்துப் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

"யாரோ சுரண்டியிருக்காங்க" என்றான்.

அவள் சொன்னாள். குமிழ், கத்தி, பல் டாக்டரின் கைப்பழக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலிலேயே சொல்லி முடித்தாள். காப்பாளர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார்.

"எழுதுங்க" என்று அவரிடம் சொன்னாள். "அதே காசு. அசல். புள்ளி இருக்கு. என் புத்தகம் தப்பு. இந்த அச்சையும் இங்கயே வச்சுக்கோங்க, யார் கேட்டாலும் காட்டுங்க."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே கொழுந்தனும் போட்டான்.

படியிறங்கும்போது, முதல் மாடித் திருப்பத்தில் அவன் நின்றான். அவளும் நின்றாள். பதவியைப் பற்றிக் கேட்பான், அந்த இரண்டு வரியைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தாள். 

"அண்ணனுக்கு இது எப்போ தெரியும்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் போதும். அண்ணனைத் தெய்வமாக நினைக்கிற இந்தத் தம்பி இனி ஆயுசுக்கும் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அவர் அவளுக்குச் செய்ததற்கு அது சரிக்குச் சரி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இன்னைக்குக் காலையிலதான்" என்றாள். "கார்ல வர்றப்போ திடீர்னு ஞாபகம் வந்துச்சாம். மனுஷன் ஆடிப்போயிட்டாரு."

அவன் பெருமூச்சு விட்டான். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது அவனைப் பார்க்க. நல்லவேளை அண்ணி, ஒரு நிமிஷம் என்னென்னமோ நினைத்துவிட்டேன் என்று சொல்லி, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். காலேஜ் படிக்கிற காலத்திலும் அப்படித்தான் வாங்கிக்கொள்வான்.

டாக்டர் காருக்கு வெளியே நின்றிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். தம்பி நேராகப் போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். விடுண்ணே, ஆனைக்கும் அடி சறுக்கும், தெரிஞ்சா செஞ்ச என்றான்.  அவள் பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை. காத்திருந்த நேரத்தில் அணைத்துவிட்டிருக்கிறார். டாக்டர் சாவியை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு இது..."

"தம்பி, இறங்கித் தள்ளு" என்றாள் அவள் பின்னாலிருந்து.

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். இந்தக் காரை இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்க் கை கொடுத்தான். கார் நகர ஆரம்பித்தது. அவள் முன் ஸீட்டுப் பக்கம் குனிந்தாள்.

"காலையிலதான் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லியிருக்கேன். அஞ்சு வருஷம் எங்கிட்ட மறைச்சீங்கல்ல. இனி சாகிற வரைக்கும் அவன்கிட்ட மறைங்க."

டாக்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் தம்பி, அண்ணே நில்லு, அண்ணே நில்லு என்று சிரித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தான்.